நாரை பார்த்த பக்கம்

நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் பின்கால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சாய்கிறபோதெல்லாம் அது முனகுகிறது. இரண்டு நிமிட வேலைதான், ஒரு வெல்டிங் ராடு போதும். ஆனால் நான் பற்ற மட்டும்தான் வைப்பேன். தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுப்பதற்கு எனக்கு எப்போதும் ஒரு ஆள் உண்டு. தேய்க்காமல் விட்டால் அந்த வெல்டிங் வரி ஒரே நாளில் உங்கள் கால்சட்டையைக் கிழித்துவிடும்.

அந்த ஆள் என் மகள். அவளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். நான் எதையும் மறைக்க வரவில்லை. என்னை யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு வரவும் இல்லை. காலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு, சாவியைக் காட்டுக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி நானேதான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஊருக்கு வெளியே அந்தக் காட்டில் இருக்கிற ஆறு சிலைகளும் நான் செய்தவை. நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வந்திருப்பீர்கள். அதற்கு முன்னால் நான் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்துகொண்டிருந்தவன். கலைஞன் என்று என்னை நானே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. என் மனைவி இறந்தபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. நான்கு மாதம் அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் வைத்தபடி இருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, வெயில் படணும், நடக்கணும் என்றார். சொல்வது சுலபம். சுவரைப் பார்த்துக் கிடக்கிறவளை எப்படி நடக்க வைப்பது?

என் மனைவியின் சமையல் பாத்திரங்களை அப்படியே மூட்டை கட்டி வைத்திருந்தேன். அவற்றைக் காட்டு ஓரத்தில் இருக்கிற என் பட்டறைக்கு எடுத்துப் போய் ஒரு ஆந்தை செய்தேன். வயிற்றுக்கு ஒரு பெரிய சட்டி, கண்ணுக்கு இரண்டு வடிகட்டி, இறகுக்குக் கரண்டிகள். காட்டுக்குள் ஒரு மரக்கிளையின் கவட்டில் அதை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“பாப்பா, அம்மாவோட கரண்டி ஒண்ணையும் காணோம்,” என்றேன். “காட்டுப் பக்கம் ஒரு ஆந்தை தூக்கிட்டுப் போச்சுன்னு காவலாளி சொல்றார்.”

நான்கு மாதத்தில் முதல் தடவையாக முகத்தைத் திருப்பினாள். “ஆந்தை எதுக்குப்பா கரண்டியைத் தூக்குது?”

“எனக்கென்ன தெரியும்? நீயே போய்க் கேட்டுட்டு வா.”

என்னை முறைத்தாள். பிறகு செருப்பைத் தேடினாள். இரண்டு மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் சருகோடு திரும்பி வந்தாள். அழுதிருந்தாள். ஆனால் சாப்பாடு கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, “அது எங்கேயோ பாக்குதுப்பா. எதைப் பாக்குது?” என்றாள். அது எதையும் பார்க்கவில்லை. நான் வைத்த வாக்கில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் கேட்டுவிட்டாளே. அன்றைக்கே உட்கார்ந்து, சைக்கிள் சக்கரக் கம்பிகளை வெட்டி ஒரு முள்ளம்பன்றி செய்தேன். ஆந்தையின் கண் போகிற நேர்கோட்டில், ஓடையைத் தாண்டி அதை வைத்தேன்.

அப்படித்தான் வந்தது அந்த வழக்கம். ஒவ்வொரு சிலையும் அடுத்ததைப் பார்க்கும். பார்க்கிற பக்கமாக நடந்தால் அடுத்தது கிடைக்கும். முள்ளம்பன்றிக்குப் பிறகு பழைய டயரில் உடும்பு, தகர டப்பாக்களில் மீன்கொத்தி, சைக்கிள் சட்டங்களில் நாரை, கார் சக்கர மூடிகளில் ஆமை. ஊர் தூக்கி எறிந்தது எதுவும் எங்களிடம் வீணானதில்லை. பெயர்ப்பலகை கிடையாது, அம்புக்குறி கிடையாது. காட்டை எல்லாருக்கும் திறந்துவிடலாமா என்று நகராட்சியிலிருந்து வந்து கேட்டபோதும் அதை ஒரு நிபந்தனையாகச் சொன்னேன். பலகை வைத்தால் மனிதர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள், மரத்தைப் பார்க்க மாட்டார்கள். பதினைந்து வருடமாக எங்கள் ஊரில் வாழ்கிற ஒரு கணக்கெழுத்தர், வெயிலில்லாத நாளிலும் குடையோடு வருவார். மீன்கொத்தி பார்க்கிற பக்கம் போனவர் நிஜ மீன்கொத்தியையே பார்த்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பதினாறு வயதிலேயே மகள் கிரைண்டிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டாள். நான் பற்றவைப்பேன், அவள் தேய்ப்பாள். எனக்கு அந்த மெஷின் ஒத்துவராது. அந்தச் சத்தமும் பிடிக்காது, கையும் நடுங்கும். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றால் மணிக்கணக்கில் அசைய மாட்டாள். என் கையெழுத்து எனக்கே புரியாது. ஆனால் என் வெல்டிங் வரியை அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவாள், இன்னைக்குக் காலையில சாப்பிடலையாப்பா, வரி ஆடியிருக்கு என்று. பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. இருபத்தெட்டு வயதானாலும் எனக்கு அவள் பாப்பாதான். நாங்கள் இருவரும் ஒரு வேலை, ஒரு வீடு, ஒரு சாப்பாட்டு மேஜை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குத் தோன்றியதா என்று நான் கேட்டதும் இல்லை.

ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமை என்றால் நடக்கத்தானே வேண்டும். அதனால் ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் அதை வேறு இடத்துக்கு மாற்றுவோம். மூன்று நாள் காட்டு வாசலில் சங்கிலி போட்டுவிடுவோம், யாரும் உள்ளே வரக் கூடாது. ஆமையைக் கைவண்டியில் ஏற்றிப் புது இடத்தில் வைத்த பிறகு, நாரையின் கழுத்தை வெட்டி, புது இடத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி, மறுபடியும் பற்றவைப்பேன். இந்த வேலையை நான் மட்டும் செய்வேன். மகள் வீட்டிலேயே இருப்பாள். ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் ஆமையை முதலில் கண்டுபிடிக்கிறவள் அவள். அது அவள் உரிமை. கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்து நாரையின் கழுத்து வரியைத் தேய்த்துக் கொடுப்பாள். அதற்கப்புறம்தான் சங்கிலியை அவிழ்ப்போம். ‘ஆமை நடந்தாச்சு’ என்று ஊர் முழுக்கப் பேச்சாகும். சின்னப் பிள்ளைகள் மாதிரி பெரியவர்கள் ஓடி வருவார்கள்.

போன வருடம் நகராட்சியில் புது அதிகாரி வந்தார். காட்டுக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்றார். அதற்காகத் தலைநகரத்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். வரைபடக்காரர். அவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒற்றைச் சக்கரம் வைத்த அளவுகோலைத் தள்ளிக்கொண்டு, சட்டைப்பையில் நான்கு பென்சிலோடு வந்து நின்றார். ஒல்லி. மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். காட்டில் எது பூத்தாலும் தும்முவார்.

“சார், உங்க ஆமை வருஷா வருஷம் நடந்தா நான் எப்படி சார் வரைபடம் போடறது?” என்றார் முதல் நாளே.

“போடாதீங்க,” என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவரைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்லப்போவதில்லை. சக்கரத்தைத் தள்ளத் தெரியாமல் அவர் ஓடைக்கரையில் சறுக்கி விழுந்தபோது என் மகள் சிரித்தாளே ஒரு சிரிப்பு, அது என் மனைவியின் சிரிப்பு. பதினைந்து வருடமாக நான் அதைக் கேட்டதில்லை. பட்டறையில் நின்றபடியே கேட்டேன். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது எனக்கே தெரியாது.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

“அப்பா, நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்.”

“சந்தோஷம்,” என்றேன்.

“அவரோட ஆபீஸ் அங்கேதானே. ரயில்ல அஞ்சு மணி நேரம். ஆனா மாசம் ஒரு தடவை வந்துருவேன்பா.”

“நல்லது.”

“கோபமாப்பா?”

“எதுக்குக் கோபம்? தண்ணி ஊத்து.”

ஊற்றினாள். குடித்தேன். அவளைக் கேட்டுப் பாருங்கள், ஒரு கடுஞ்சொல் சொல்லியிருக்கிறேனா என்று. ஒரு தடவை முகம் சுளித்திருக்கிறேனா என்று. அவளை வெளியே நடக்க வைக்கத்தான் நான் அத்தனையும் செய்தேன். இவ்வளவு தூரம் நடந்துவிடுவாள் என்று நினைக்கவில்லை. அந்த ராத்திரி எனக்கு அழுகை வந்தது என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

மறுநாள் ஏழாவது சிலையை ஆரம்பித்தேன். ஒரு மான். அதற்குக் கால் வேண்டும். கால் என்றால் நேரான, ஒரே கனத்தில் நான்கு குழாய் வேண்டும். அப்படிப்பட்ட குழாய் கடைகளில் கிடைக்கும், ஆனால் நாங்கள் கடையில் வாங்குவதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பட்டறைக்குப் பின்னால், ஒரு நூற்றைம்பது அடி தள்ளி, செங்கல் சூளைக்காரர்கள் களிமண் தோண்டிவிட்டுப் போன ஒரு பள்ளம் இருக்கிறது. பாதை அந்தப் பக்கம் போகாது. மழைக்கு நிரம்பினால் மேலே பாசி மூடிக்கொள்ளும். பார்த்தால் புல்வெளி. கரை முழுக்க வழுக்கும் களிமண், ஏற முடியாது. ஒரு தடவை ஒரு நாய் விழுந்து, நானும் மகளும் கயிறு கட்டித் தூக்கினோம். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கட்டில்களின் குழாயை வைத்து அதைச் சுற்றி ஒரு தடுப்பு போட்டோம். அந்தத் தடுப்பில் நல்ல நேரான குழாய்கள் இருந்தன. அதில்தான் மானுக்குக் கால் எடுத்தேன். நான்கு கால்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பக்கத்துத் தடுப்பு முழுவதையும் அறுத்துவிட்டேன். மிச்சம் இருந்தால் வேறெதற்காவது ஆகும் என்று நினைத்தேன்.

பிறகு மழை வந்தது. நன்றாகப் பெய்தது. மழை முடிந்ததும் காட்டு வாசலில் சங்கிலி போட்டேன்.

அன்று காலை மகளிடம் சொன்னேன், “இந்த வருஷம் ஆமையை அவர் முதல்ல கண்டுபிடிக்கட்டும்.”

கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அதை என் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். “தேங்க்ஸ்பா, தேங்க்ஸ்பா” என்று என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டே இருந்தாள். அவள் உரிமையை அவள் விட்டுக்கொடுத்தாள், நான் அதை அவருக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவர் பாதையைத்தான் அளந்திருந்தார். பட்டறைக்குப் பின்பக்கத்தை அளக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். மகள் இல்லை. கிரைண்டிங் வட்டு தீர்ந்துவிட்டது, டவுனுக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பியிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ. வாசலிலேயே இரண்டு தும்மல்.

“மாமா,” என்றார். அதுவரைக்கும் சார்தான். அன்றைக்குத்தான் மாமா. “மாமா, நான் ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன்.”

“முதல்ல ஆமையைப் பாத்துட்டு வாங்க. அப்புறம் சொல்லுங்க.”

“ரெண்டு நிமிஷம்தான் மாமா.”

“அப்புறம் ரெண்டு மணி நேரம்கூடப் பேசலாம். வரைபடம், போன் எல்லாத்தையும் இங்கே வெச்சுட்டுப் போங்க. கண்ணை மட்டும் எடுத்துட்டுப் போங்க.”

“பரீட்சையா மாமா?”

“பரீட்சை எல்லாம் இல்லை. இங்கே எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க.”

சிரித்துக்கொண்டே போனை மேஜையில் வைத்தார். பென்சில்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், அவையும் ஏதோ கள்ளத்தனம் என்பதுபோல. அப்புறம் ஆந்தை இருக்கிற பக்கமாக நடந்தார். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

ஆந்தையிலிருந்து நாரைக்கு, நின்று நிதானமாகப் பார்த்தால், ஒன்றே கால் மணி நேரம். நாரையின் கழுத்தை இந்த வருடம் பட்டறை இருக்கிற பக்கமாக ஒரு சாண் திருப்பியிருந்தேன். அதன் கண் போகிற நேரே ஒரு புல்வெளி தெரியும். புல்வெளிக்கு அந்தப் பக்கம், நாணல் நடுவில், ஆமை. மாலை வெயில் அந்தக் கார் மூடிகளில் பட்டால் தூரத்திலேயே பளபளக்கும். அது தெரிந்துதான் அந்த இடத்தில் வைத்தேன். சிலை என்றால் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

நாலரைக்கு அவர் சத்தம் கேட்டது. முதலில் சந்தோஷச் சத்தம். “பாத்துட்டேன்! மாமா, பாத்துட்டேன்!” என்று. பட்டறையின் பின்ஜன்னல் திறந்திருந்தது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் மறுபடியும் மாமா என்றார். இந்தத் தடவை வேறு மாதிரி. நீந்தத் தெரியாது போலிருக்கிறது, எனக்கு அது தெரியாது. கரையில் எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், ஏனென்றால் வார்த்தைகள் தெளிவாகவே இருந்தன. கொஞ்ச நேரம் மாமா. பிறகு சார், சார் என்று. பயத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது. நான் மானின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். நாயைத் தூக்கிய கயிறு எனக்கு எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போக வேண்டும் என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். சேற்றில் கொஞ்சம் புரளட்டும், சட்டை நாசமாகட்டும், இந்தக் காடு நமக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றட்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். கயிற்றை எடுக்கக் கையைக்கூட நீட்டினேன்.

அப்போதுதான் அவர் என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். என்னை அல்ல. அவளை. பாப்பா என்று நான் மட்டும் கூப்பிட்டுப் பழகியதில் அவளுக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் அதை முழுசாக, அழகாக, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் மேஜையில் கிரைண்டிங் மெஷின் இருந்தது. எடுத்து சுவிட்சைப் போட்டேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், மேஜையில் அவருடைய போன் மூன்று தடவை அடித்தது. சத்தம் கேட்கவில்லை. வெளிச்சம் வருவதும் போவதும் தெரிந்தது. மகளின் படம். ஆந்தைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. நான்காவது தடவை அடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மெஷினை நிறுத்தினேன். காடு அமைதியாக இருந்தது. போனைத் துடைத்து நேராக வைத்தேன்.

ஆறரைக்கு மகள் வட்டுப் பெட்டியோடு வந்தாள். “எங்கேப்பா, கண்டுபிடிச்சுட்டாரா?”

“இன்னும் வரலையே,” என்றேன். “தேடிட்டு இருப்பார்.”

முதலில் சிரித்தாள். “ஆமைகிட்டயே தோத்துட்டாரு பாருங்க.” பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். காவலாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் ஓடையின் பக்கமாகத் தேடினேன். நன்றாகத் தேடினேன். விடிந்த பிறகு அவள்தான் கண்டுபிடித்தாள். நாரை பார்த்த பக்கமாகப் போய்க் கண்டுபிடித்தாள். வருடா வருடம் முதலில் கண்டுபிடிக்கிறவள் அவள்தானே. இந்த வருடமும் அவளே என்று ஆகிவிட்டது.

மீதி உங்கள் ஆட்கள் எழுதியதுதான். எதிர்பாராத விபத்து. தடுப்பு ஏன் இல்லை என்று கேட்டார்கள். மானைக் காட்டினேன். அதில் ஒருவர் மான் நன்றாக வந்திருக்கிறது என்றார். ஊரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஆமையை அங்கே வைத்ததற்காக நீங்கள் உங்களையே வருத்திக்கொள்ளாதீர்கள் என்று கணக்கெழுத்தர் சொன்னார்.

மகள் மறுபடியும் கட்டிலில் படுத்துவிட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி, பதின்மூன்று வயதில் படுத்திருந்த அதே வாக்கில். நான் சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், எடுத்தேன். வைத்தேன், எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தேன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அந்த நாட்களில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், எங்கும் போக வேண்டியதில்லை, எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் காவலாளி அவளைப் பார்க்க வந்தார். வாய் ஓயாத மனுஷன். ஆறுதல் சொல்கிறேன் என்று அந்தச் சாயங்காலம் தான் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும்மா கேட்டிருக்கும்? பட்டறையில ஒரு மணி நேரமா கிரைண்டிங் ஓடிட்டு இருந்துச்சே. உய்ய்னு, ஒரே சீரா.”

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். “எப்படிச் சத்தம்? இன்னொரு தடவை சொல்லுங்க.”

உதட்டைக் குவித்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் ஒரே ஸ்வரத்தில் நீட்டிக் காட்டினார்.

நீங்கள் இந்தத் தொழிலில் இல்லை, அதனால் சொல்கிறேன். வட்டு இரும்பில் பட்டால் சத்தம் உடையும். உறுமும், இறங்கும், ஏறும். ஒரே சீராக ஓடுகிறது என்றால் அது எதிலும் படவில்லை என்று அர்த்தம். காவலாளிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவர் போன பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வேலையில் இறங்கினால் மனசு தேறும் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவள் மானின் நான்கு கால்களையும் தடவிப் பார்த்தாள். வரிகள் நான் பற்றவைத்தது பற்றவைத்தபடி இருந்தன. பட்டறையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். மெஷினை எடுத்து, வட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு மணி நேரம் ஓடிய வட்டு விளிம்பில் ஒரு நூல்கூடத் தேயவில்லை. பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். அங்கே ஒரு பெட்டி வட்டு, பிரிக்காமல், இருந்தது. அதை நான் எடுத்து வேறெங்காவது வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

“ஒரு மணி நேரம் எதைப்பா தேச்சீங்க?” என்றாள்.

நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளிடம் நான் பொய் சொல்வதில்லை.

கையிலிருந்த வட்டை மேஜையில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அவர் இங்கேயே வேலை மாத்திக்கிட்டார்ப்பா,” என்றாள். “ஆர்டர் வந்துருச்சு. நம்ம தெருவுலயே வீடு பார்த்தோம். நான் எங்கேயும் போறதா இல்லை. அதை உங்ககிட்ட அவரே சொல்லணும்னு ஆசைப்பட்டார். அதுக்குத்தான் அன்னைக்கு வந்தார்.”

இரண்டு நிமிடம்தான் மாமா என்று கேட்டாரே, அது இதுதான்.   அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு பேரில் யாராவது ஒருவர் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஆச்சரியமாகச் சொல்ல வேண்டும்.

கையுறையை மேஜையில் வைத்தாள். கண்ணாடியை அதன் மேல் வைத்தாள். ஒரு பையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனாள். அவள் உங்களிடம் வந்து சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அவள் மனசில் எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. பெற்ற அப்பாவைப் பற்றிச் சொல்கிற கஷ்டம் அவளுக்கு வேண்டாம் என்றுதான் நானே வந்தேன். இனி அவள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

கடைசி வரியை நீங்கள் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். தடுப்பை அறுத்தவன் நான், ஆமையை அந்தக் கரையில் வைத்தவன் நான், போனை வாங்கி வைத்துக்கொண்டவன் நான், மெஷினைப் போட்டவன் நான். அந்த மனிதரைக் கொன்றது நான். அந்தப் பள்ளம் வெறும் பள்ளம். போதுமா?

ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று நான் நாரையின் கழுத்தை மறுபடியும் வெட்டித் திருப்பினேன். இப்போது அது எங்கள் வீட்டு வாசலைப் பார்க்கிறது. காட்டுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து அவள் வந்தாலும் நாரை கண்ணில் படும். அது எதைப் பார்க்கிறது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கழுத்து வரி கரடுமுரடாக இருக்கிறது, கை பட்டால் கிழிக்கும் என்று யாராவது வந்து புகார் சொன்னாலும், உங்கள் ஆட்களை விட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கையுறை அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது, நான் தொடவில்லை. அது அவள் வேலை. வந்து தேய்த்துக் கொடுப்பாள்.